பழைய கணப்புக்குள் விறகு ஹீட்டர்: முதல்முறை கட்டுபவர்களுக்கு

திறந்த கணப்பில் விறகு எரித்தால் அதன் வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அறைக்கு வருகிறது. மீதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். அந்த நெருப்பு இழுப்பதும் நீங்கள் ஏற்கனவே சூடாக்கி வைத்த அறைக்காற்றைத்தான். அது போன இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கிலும் கதவடியிலும் குளிர்காற்று நுழையும். கணப்புக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு முகம் சுடும், பக்கத்து அறையில் இருப்பவருக்கு முன்பைவிடக் குளிரும். அதே கணப்புக்குள் கதவு வைத்த செங்கல் ஹீட்டர் ஒன்றைச் சரியாகக் கட்டினால் விறகின் வெப்பத்தில் 70 சதவீதம் அளவுக்கு வீட்டிலேயே நிறுத்த முடியும்.

இதைக் கட்டி முடிக்க நான் நிறைய அலைந்தேன். கிடைத்த விளக்கங்கள் எல்லாம் எரியறையின் நீள அகலத்தையே பேசின. புகைபோக்கி, அனுமதி, காப்பீடு, சூடு எந்தப் பக்கம் கசிகிறது என்பவைதான் உண்மையில் பெரிய வேலை. அதனால் இங்கே அவை முன்னால் வருகின்றன. எரியறைக்கு நடுவில்தான் வருவோம். முதல் மூன்று படிகளில் ஏதாவது ஒன்று தேறவில்லை என்றால் செங்கல் வாங்கவே வேண்டாம்.

1. உங்கள் கணப்பு எந்த வகை என்று முதலில் பாருங்கள்

கணப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அடித்தளத்திலிருந்து செங்கல்லோ கல்லோ வைத்துக் கட்டியது. இன்னொன்று, தொழிற்சாலையில் செய்த தகரப் பெட்டியை மரச்சட்டச் சுவருக்குள் பொருத்தி, முன்பக்கம் மட்டும் கல் ஒட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உட்சுவர் வார்ப்புப் பலகை போல இருந்தாலோ, மேலே உலோகக் குழாய் தெரிந்தாலோ, விளிம்பில் ஒரு உலோகப் பெயர்த்தகடு இருந்தாலோ அது இரண்டாம் வகை.

இரண்டாம் வகைக்குள் எதையும் கட்டாதீர்கள். அந்தப் பெட்டிக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே இருப்பது மிகக் குறைந்த இடைவெளி. திறந்த நெருப்பின் சூட்டுக்கு என்று சோதிக்கப்பட்டது அது. உள்ளே செங்கல் அடுக்கி வெப்பத்தைத் தேக்கினால் பின்னால் இருக்கும் மரம் மெல்லக் கருகி, ஒரு நாள் பற்றிக்கொள்ளும். இந்த விஷயத்தில் சமாதானத்துக்கு இடமில்லை.

செங்கல் கணப்பு என்றால் அடித்தளத்தைப் பாருங்கள். அடர்த்தியான ஃபயர் பிரிக் (கடும் சூடு தாங்கும் செங்கல்) ஒன்று சுமார் மூன்றரை கிலோ எடை. 100 கல் என்றால் 350 கிலோ, வெளிச்சுவரும் சேர்ந்தால் இன்னும் கூடும். கணப்புக்கு நேர் கீழே பொதுவாகத் தாங்கும். முன்னால் நீளும் தளக்கல்லுக்கு அடியில் சில வீடுகளில் மரப்பலகைதான் இருக்கும். கீழே போய்ப் பார்க்க வழி இருந்தால் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள்.

பழைய வீடு என்றால் இன்னொன்று. கணப்பைச் சுற்றி இருக்கும் வெள்ளைப் பலகை, கயிறு, பூச்சு ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சந்தேகம் வந்தால் உடைக்காமல், சுரண்டாமல், ஆய்வகத்தில் சோதித்த பிறகே கை வையுங்கள்.

2. புகைபோக்கியைச் சோதித்து எழுத்தில் வாங்குங்கள்

புகைபோக்கி சுத்தம் செய்பவரை வரவழைத்து முழுதாகச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதன்பின் கேமரா விட்டுப் பார்த்து அறிக்கை தரச் சொல்லுங்கள். வெறும் டார்ச் பார்வை போதாது. அறிக்கையில் இந்த நான்கும் இருக்க வேண்டும்: உட்சுவரில் வெடிப்பு உண்டா, வளைவு எங்கே, உள்ளளவு எவ்வளவு, மரச்சட்டம் எங்காவது புகைபோக்கியைத் தொடுகிறதா.

உள்ளளவு ஏன் முக்கியம் என்றால், திறந்த கணப்பின் புகைபோக்கி மிகப் பெரியது. 20க்கு 30 செமீ உள்ளளவு என்றால் 600 சதுர செமீ. நாம் கட்டப்போகும் ஹீட்டருக்கு 125 மிமீ குழாய் போதும், அதாவது சுமார் 123 சதுர செமீ. ஐந்து மடங்கு பெரிய வழியில் சிறிதளவு புகையை விட்டால் அது மெதுவாக நகர்ந்து, குளிர்ந்து, சுவரில் படியும். புகை சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதிலுள்ள ஆவிகள் கிரியோசோட் என்னும் தார் போன்ற படிவாக ஒட்டத் தொடங்கும். அது பற்றினால் புகைபோக்கிக்குள் 1000 டிகிரிக்கு மேல் போகும், களிமண் உட்சுவர் பிளந்துவிடும். ஆகவே பழைய புகைபோக்கிக்குள் இறக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனர் குழாய் கட்டாயம். அதை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அடுப்பிலிருந்து உச்சி வரை நாலரை மீட்டருக்குக் குறைந்தால் புகையை மேலே இழுக்கும் இழுவை போதாமல் போகலாம். கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 90 செமீ, சுற்றிலும் 3 மீட்டருக்குள் இருக்கும் எதையும்விட 60 செமீ கூடுதல் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு.

3. அனுமதியும் காப்பீடும்

எல்லாரும் தள்ளிப்போடும் படி இதுதான். நான் பட்டதை வைத்துச் சொல்கிறேன், வேலை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். கட்டிய பிறகு அனுமதி கேட்டால், பார்க்க வருபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை. பிரித்துக் காட்டச் சொல்வார்.

பல நாடுகளில் சான்றிதழ் பெற்ற அடுப்பைத்தான் பொருத்தலாம் என்று விதி உண்டு. நீங்கள் போய் “வீட்டில் செய்த விறகு அடுப்பு” என்று சொன்னால் உடனே மறுப்பார்கள். இடத்திலேயே செங்கல்லால் கட்டும் ஹீட்டர் என்பது தனி வகையாகக் கருதப்படுகிறது, அதற்கென்று தரநிலைகளும் உண்டு. அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் இ1602, ஐரோப்பாவில் இஎன் 15544. உங்கள் வரைபடம் இவற்றில் உங்கள் பகுதிக்குப் பொருந்துவதன்படி இருக்கிறது என்று காட்ட முடிந்தால் பேச்சு சுலபமாகும். வட அமெரிக்காவில் இடைவெளிகளுக்கு என்எஃப்பிஏ 211 என்ற தரநிலையைப் பார்ப்பார்கள், லைனர் குழாயில் யுஎல் 1777 முத்திரை கேட்பார்கள். ஐரோப்பாவில் உலோகக் குழாய்க்கு இஎன் 1856.

கையில் இருக்க வேண்டியவை: கேமரா அறிக்கை, அளவு குறித்த வரைபடம் (முன்பக்கம், பக்கவாட்டு வெட்டு, மேலிருந்து வெட்டு), லைனர், கண்ணாடி, காப்புப் பொருள் (சூடு கடக்காமல் தடுப்பது) ஆகியவற்றின் தயாரிப்பாளர் தகவல் தாள்கள், எரியக்கூடிய ஒவ்வொரு பொருளுக்கும் ஹீட்டருக்கும் உள்ள தூரத்தின் பட்டியல். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்து அனுமதி. அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்தின் கடிதமும் வேண்டியிருக்கும். நகரங்களில் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று ஒன்று இருக்கலாம், அங்கே விறகு எரிக்கவே தனி விதி. அதை முதலில் கேளுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடம் பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள். மின்னஞ்சல் அனுப்பி, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். எங்கள் காப்பீட்டில் தொலைபேசியில் “பிரச்சினை இல்லை” என்றவர்கள், எழுத்தில் கேட்டபோது பரிசோதனை அறிக்கை வேண்டும் என்றார்கள். அந்த அறிக்கை கையில் இருந்ததால் தப்பித்தோம்.

4. செலவும் காலமும்

விலை இடத்துக்கு இடம் மாறும், பங்கு அதிகம் மாறாது. பெரிய செலவு லைனர் குழாயும் அதன் காப்பும் மேல்மூடியும்தான், மொத்தத்தில் பாதியை நெருங்கும். அடுத்தது கண்ணாடிக் கதவு. செங்கல், சாந்து எல்லாம் சேர்ந்து மூன்றாம் இடம். கேமரா சோதனைக்கும் அனுமதிக் கட்டணத்துக்கும் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

மிச்சம் பிடிக்க நல்ல இடம் கதவு. பழைய விறகு அடுப்பிலிருந்து கழற்றிய வார்ப்பிரும்புக் கதவு சட்டத்தோடு கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அந்தக் கதவின் அளவுக்கு முன்சுவரைக் கட்டிக்கொள்ளலாம். கதவு கையில் வராமல் முன்சுவரைக் கட்டாதீர்கள்.

கால அளவில் எல்லாவற்றையும்விட நீளமானது விறகு காய்வது. மென்மரத்துக்குப் பிளந்த பிறகு ஆறு மாதமாவது, வன்மரத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ. ஆகவே கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போதே விறகைப் பிளந்து அடுக்கிவிடுங்கள். அனுமதி வர வாரக்கணக்கில் ஆகும். புகைபோக்கிக்காரர்கள் குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் கிடைக்கவே மாட்டார்கள், வெயில் காலத்தில் கூப்பிடுங்கள். கட்டுவது வாரக் கடைசிகளில் செய்தாலும் முடியும். அதன்பின் காய இரண்டு வாரம் விட வேண்டும். குளிர் வந்த பிறகு தொடங்கினால் இந்த இரண்டு வாரத்தைத்தான் எல்லாரும் வெட்டுவார்கள், செங்கல் பிளக்கும்.

5. அளவெடுத்து வகையை முடிவு செய்யுங்கள்

விறகு சூடாகும்போது முதலில் வெளிவருவது வாயுக்கள். வெப்பத்தில் பெரும்பங்கு அவற்றில்தான் இருக்கிறது. அவை முழுதாக எரிய சுமார் 600 டிகிரியும், கலக்கக் காற்றும், கொஞ்சம் நேரமும் வேண்டும். திறந்த கணப்பில் இந்த மூன்றும் சேர்வதில்லை, அதனால்தான் புகை. நாம் செய்வதெல்லாம் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் சேர்ப்பது, பிறகு அந்தச் சூட்டைச் செங்கல்லில் வாங்கிக்கொள்வது.

நான் பரிந்துரைப்பது ராக்கெட் வகை. ஒரு எரியறை, அதன் பக்கச் சுவரில் உயரமான குறுகிய இடுக்கு, இடுக்குக்கு அப்புறம் நெட்டுக்குத்தான ஒரு ஏறுகுழாய். நெருப்பு இடுக்கில் நெரிபட்டு, ஏறுகுழாயில் சுழன்று எரியும். இடுக்கைப் பின்சுவரில் வைக்காமல் பக்கவாட்டில் வைப்பது கணப்புக்கு ஏற்றது, ஏனென்றால் கணப்பு அகலம் அதிகம், ஆழம் குறைவு.

எல்லா அளவும் ஏறுகுழாயின் உள் விட்டத்திலிருந்து வருகின்றன. விட்டத்தில் 72 சதவீதத்தை அடிப்படை எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். எரியறை அகலம் அதைப்போல் 2 மடங்கு, உயரம் 3 மடங்கு, ஆழம் 4 முதல் ஐந்தரை மடங்கு. இடுக்கின் உயரம் 2.2 மடங்கு, அகலம் பாதி. ஏறுகுழாய் எரியறைத் தளத்திலிருந்து 8 முதல் 10 மடங்கு உயரம்.

125 மிமீ விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் அடிப்படை எண் 90. எரியறை 180 அகலம், 270 உயரம், 360 ஆழம். இடுக்கு 200க்கு 45. ஏறுகுழாய் குறைந்தது 720. முதன்மைக் காற்றுக்கு, அதாவது எரியறைக்குள் விறகுக்கு விடும் காற்றுக்கு, ஏறுகுழாய்ப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 25 சதுர செமீ திறப்பு. இடுக்கின் மேல்விளிம்பில் சூடான இரண்டாம் காற்று விடும் சிறு குழாய்க்கு இருபதில் ஒரு பங்கு, சுமார் 6 சதுர செமீ. எல்லாம் மிமீயில் சொன்னேன், காற்றுத் திறப்பு மட்டும் செமீ.

இப்போது உங்கள் கணப்பின் உள்ளே தளத்திலிருந்து டேம்பர் (புகைவழியை மூடித் திறக்கும் தகடு) வரை உயரம் அளக்கவும். லிண்டல் (கணப்பு வாய்க்கு மேலுள்ள உத்தரம்) வரை அல்ல, அதற்குப் பின்னால் மேலே இன்னும் இடம் இருக்கும். 125 மிமீ வகைக்குத் தளக் காப்பு, ஏறுகுழாய், அதன் உச்சிக்கும் ஹீட்டரின் கூரைக்கும் நடுவே குறைந்தது குழாய் விட்டமளவு இடைவெளி, கூரைக்கல், அதன் மேல் காப்பு எல்லாம் சேர்த்துச் சுமார் ஒரு மீட்டர் வேண்டும். 100 மிமீ வகைக்கு 85 முதல் 90 செமீ. அதுவும் இல்லை என்றால் ராக்கெட் வகையை விட்டுவிடுங்கள். ஏறுகுழாயை நறுக்கி நுழைக்கப் பார்த்தால் புகை முழுதாக எரியாது. அந்த இடத்தில் மேலே ஒரு தடுப்புக்கல்லும் அதற்குக் கீழே சூடான காற்றுத் துளைகளும் வைத்த சாதாரண எரிபெட்டியே நல்லது. தடுப்பைத் தாண்டிப் புகை போகும் இடைவெளி லைனர் குழாயின் பரப்புக்குக் குறையக் கூடாது.

ஆழம் போதாமல் ஹீட்டர் முன்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டு வந்தால் கவலைப்படாதீர்கள். அறைக்குள் வரும் பரப்பு கூடுகிறது, சூடும் கூடுகிறது. தளக்கல் தாங்க வேண்டும், கதவுக்கு முன் எரியாத தரை குறைந்தது 45 செமீ இருக்க வேண்டும், சோபா, திரை, மரச்சாமான் எல்லாம் 90 செமீ தள்ளி இருக்க வேண்டும். மேலே மரப்பலகை அலங்காரம் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

6. பொருள் வாங்கும்போது ஏமாறும் இடங்கள்

எரியறைக்கு அடர்த்தியான ஃபயர் பிரிக். பரவலாகக் கிடைக்கும் அளவு சுமார் 230 × 115 × 64 மிமீ. எடை குறைந்த, வெள்ளையான காப்புச் செங்கல் வேறு. அதை விறகு இடித்தால் உதிரும், ஆகவே எரியறைக்கு வேண்டாம், ஏறுகுழாய்க்கு நன்றாக ஒத்துவரும். ஏறுகுழாயையும் இடுக்கையும் இரும்பால் செய்யலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே இருக்கும் சூட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூடச் செதில் செதிலாக உதிரும்.

துத்தநாகம் பூசிய தகடு, குழாய், வலை எதுவும் அடுப்புக்குள் வரக் கூடாது. சூட்டில் துத்தநாகப் புகை வந்து, அதை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். சாதாரண சிமெண்ட் சாந்து சில நூறு டிகிரியிலேயே வலுவிழக்கும். ஆற்றுக் கல் உள்ளே ஈரம் இருந்தால் வெடித்துச் சிதறும்.

கண்ணாடிக்கு அடுப்புக்கென்றே செய்யும் செராமிக் கண்ணாடிதான் வாங்க வேண்டும். நான் கேட்ட ஒரு கடையில் டெம்பர்டு கண்ணாடி போதும் என்று தைரியமாகச் சொன்னார்கள். அது இந்தச் சூட்டில் நொறுங்கும். செராமிக் கண்ணாடி 700 டிகிரி வரை தாங்கும்.

காப்புக்குச் செராமிக் கம்பளி வாங்கும்போது உடலில் எளிதில் கரையும் வகையா என்று தகவல் தாளில் பாருங்கள். பழைய வகை செராமிக் இழையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக அளவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். எந்த வகை என்றாலும் முகமூடி, கண்ணாடி, கையுறை இல்லாமல் வெட்டக் கூடாது. அதன் மேற்பரப்பு அறைக்காற்றுக்குத் திறந்து இருக்கவும் கூடாது.

7. லைனர் குழாயை இறக்குங்கள்

கூரை வேலை என்பதால் பழக்கமில்லாதவர்கள் ஆள் வைத்துச் செய்வதே சரி. மழையில்லாத, காற்றில்லாத நாளில், இரண்டு பேராவது. உச்சியிலிருந்து இணைப்பு வரை அளந்து அரை மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். குழாயைச் சுற்றிக் காப்புப் போர்வை சுற்றி இறக்கினால் புகை சூடாகவே மேலே போகும், படிவு குறையும். வெளிச்சுவரோடு ஒட்டிய புகைபோக்கிக்கு இது கட்டாயம். உச்சியில் மழைமூடியும் பறவை நுழையாத வலையும்.

பழைய டேம்பரைக் கழற்றிவிடுங்கள். அதே இடத்தில், குழாய்க்கு மட்டும் ஓட்டை விட்டு, மீதி முழுவதையும் தகட்டால் அடைத்து, மேலே ராக் வூல் (எரியாத கல் இழைக் கம்பளி) வையுங்கள். இந்த ஒரு தகட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் ஹீட்டரைச் சுற்றிச் சூடாகும் காற்று எல்லாம் பழைய புகைபோக்கிக்குள் ஏறிவிடும். நல்ல ஹீட்டர் கட்டியும் அறை சூடாகவில்லை என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

8. கட்டுங்கள்

முதலில் சாந்து இல்லாமல் எல்லாக் கல்லையும் அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையையும் படம் எடுத்து, கல்லில் சுண்ணக்கட்டியால் எண் போட்டுவையுங்கள். வெட்ட வேண்டிய கல் எவை என்று அப்போதுதான் தெரியும். வெட்டும்போது தண்ணீர் விட்டே வெட்டுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

பின்னால் இருக்கும் பழைய சுவரை ஒட்டி 25 முதல் 50 மிமீ காப்புப் பலகை. கணப்பு வீட்டின் வெளிச்சுவரில் இருந்தால் 50 மிமீக்குக் குறையாதீர்கள், இல்லையென்றால் தெருவைத்தான் சூடாக்குவீர்கள். தளத்திலும் அதேபோல் காப்பு, அதன் மேல் தளக்கல்.

உள்ளடுப்பை, அதாவது எரியறை, இடுக்கு, ஏறுகுழாய் மூன்றையும், களிமண்ணும் நுண்மணலும் கலந்த சாந்தில் கட்டுங்கள். இணைப்பு 2 அல்லது 3 மிமீ போதும், தடித்த சாந்து வெடிக்கும். கல்லைத் தண்ணீரில் நனைத்து வைத்தால்தான் சாந்து பிடிக்கும். கடையில் விற்கும் ஃபயர் சிமெண்ட் இதைவிட உறுதியானது, ஆனால் உள்ளடுப்பில் சில வருடங்களுக்கு ஒருமுறை சில கற்களை மாற்ற வேண்டி வரும். களிமண் சாந்து தட்டினால் விட்டுவிடும், கல் உடையாது. அந்த வசதிக்காகவே நான் களிமண்ணை விரும்புகிறேன்.

உள்ளடுப்புக்கு வெளியே, அதைச் சுற்றி வெப்ப அறை. ஏறுகுழாயிலிருந்து வரும் சூடான வாயு மேலே கூரையில் மோதி, பக்கங்களில் மெல்ல இறங்கி, செங்கல்லுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, கீழே இருக்கும் லைனர் குழாயின் வாயில் நுழையும். குழாய் வாய் தரையிலிருந்து சிறிது மேலே இருக்கட்டும், சாம்பல் அடைக்காது. மேலே நேராகக் குழாய்க்குப் போகும் ஒரு சிறு குறுக்குவழி வைத்து அதற்கு ஒரு தகட்டு மூடி போடுங்கள். குளிர்ந்த அடுப்பைப் பற்றவைக்கும்போது அதைத் திறந்தால் இழுவை உடனே வரும்.

உள்ளடுப்பும் வெளிச்சுவரும் எங்கேயும் ஒட்டக் கூடாது. உள்ளே இருப்பது அதிகம் விரியும், வெளியே இருப்பது குறைவாக விரியும். இரண்டும் நெருங்கும் இடங்களில் நடுவில் அட்டைப்பெட்டி அட்டை ஒன்றை வைத்துக் கட்டுங்கள். முதல் நெருப்புகளில் அது எரிந்து இடைவெளி விடும். இரும்புக்கும் இதே விதி. ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி ஏறினால் சுமார் 1.2 மிமீ நீளும். கதவுச் சட்டத்தைச் சாந்தில் இறுக்கிப் பதித்தால் முன்சுவரில் மூலைக்கு மூலை விரிசல் வரும். சட்டத்தைச் சுற்றி 4 மிமீ விட்டு, செராமிக் கயிறு திணியுங்கள்.

வெளிச்சுவர் காற்றுப்புகாமல் இருப்பது உயிர் சம்பந்தப்பட்டது. வெப்ப அறையில் ஓடுவது புகைவாயு. உள்ளும் புறமும் இணைப்புகளை நன்றாகப் பூசி, சாம்பல் எடுக்க இரண்டு சிறு திறப்புகளை இறுக்கமான மூடியோடு வையுங்கள். வெளிச்சுவருக்கும் பழைய கணப்புச் சுவருக்கும் நடுவே பக்கங்களில் கொஞ்சம் இடம் விட்டு, கீழேயும் மேலேயும் திறந்து வைத்தால் அறைக்காற்று கீழே நுழைந்து சூடாகி மேலே வெளியே வரும்.

மூடும் முன் ஒவ்வொரு நிலையிலும் அளவுநாடா தெரியும்படி படம் எடுத்து அனுமதிக் கோப்பில் சேருங்கள். பரிசோதகரை வெளிச்சுவர் எழும் முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை அழைத்தால் நல்லது.

9. காய விடுங்கள், சோதியுங்கள், பிறகு பற்றவையுங்கள்

கதவும் காற்று வழியும் திறந்து இரண்டு வாரம். அப்புறம் ஒரு கைப்பிடிச் சுள்ளியில் சிறு நெருப்பு, ஒரு நாளைக்கு ஒன்று. கண்ணாடியின் உட்பக்கத்திலும் வெளிச்சுவரிலும் வியர்வை போல ஈரம் தெரிவது நிற்கும்வரை விறகைக் கூட்டாதீர்கள்.

முதல் நெருப்புக்கு முன்பே கார்பன் மோனாக்சைடு அலாரம் அறையில் இருக்க வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படுக்கையறைப் பக்கம் இன்னொன்று வையுங்கள். சிறு நெருப்பு எரியும்போது ஊதுபத்தியை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கொண்டுபோங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் அங்கே ஓட்டை இருக்கிறது. பிறகு சமையலறைப் புகைவிசிறி, குளியலறை விசிறி எல்லாவற்றையும் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது கதவிடுக்கில் புகை அறைக்குள் வந்தால் வீடு மிகவும் இறுக்கமாக அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு கிலோ விறகு எரியக் கணக்குப்படியே சுமார் 5 கன மீட்டர் காற்று வேண்டும், நடைமுறையில் இரு மடங்கு. வெளியிலிருந்து தனிக் காற்றுக்குழாய் போட்டாக வேண்டும்.

10. எரிக்கும் முறை

ஈரமானியை விறகின் வெளிப்பக்கத்தில் வைத்தால் பொய் சொல்லும். அப்போதே பிளந்த உட்பக்கத்தில் வையுங்கள், 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பச்சை விறகில் எடையில் பாதிகூடத் தண்ணீர் இருக்கலாம், அதை ஆவியாக்கவே வெப்பம் போய்விடும்.

குறுக்குவழி மூடியைத் திறந்து, சுள்ளியை இடுக்குக்கு அருகே பற்றவைத்து, ஐந்து பத்து நிமிடத்தில் குழாய் சூடானதும் மூடியை அடையுங்கள். எரியறையில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். 125 மிமீ வகையில் அது சுமார் 3 கிலோ. காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 4 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் தரும், ஆக ஒரு அடுக்குக்கு 12 யூனிட். நன்றாகக் காற்று விட்டு ஒரு மணி நேரத்தில் வேகமாக எரித்துவிடுங்கள். செங்கல் அதை வாங்கி வைத்து மணிக்கணக்கில் கொடுக்கும். இரவு முழுவதும் எரியட்டும் என்று காற்றைக் குறைத்துப் புகையவிடும் பழக்கத்தை இந்த அடுப்போடு கொண்டுவராதீர்கள். கிரியோசோட் சேர்வது அதனால்தான். தணல் சிவப்பாக இருக்கும்போது புகைவழியை முழுதாக அடைக்கவும் கூடாது, கார்பன் மோனாக்சைடு அதிகம் வருவது அந்த நேரத்தில்.

பெயிண்ட் அடித்த மரம், பூச்சிமருந்து ஏற்றிய மரம், பிளைவுட், பிளாஸ்டிக் வேண்டாம். கடலில் அடித்து வந்த கட்டையும் வேண்டாம், அதிலுள்ள உப்பு ஸ்டெயின்லெஸ் குழாயையே அரிக்கும்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் எடுத்து வீட்டுக்கு வெளியே, மரத்தரையில் இல்லாமல், வையுங்கள். உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை குழாயைத் துலக்கி, இடுக்கின் விளிம்புக் கற்களையும் கதவுக் கயிற்றையும் பாருங்கள். ஒரு நோட்டுத் தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்தால் உருவி வரக் கூடாது, வந்தால் கயிற்றை மாற்றுங்கள். முதல் குளிர்காலத்தில் மட்டும் நடுவில் ஒருமுறை கூடுதலாகக் குழாயைத் திறந்து பார்த்துவிடுங்கள்: தூள் போன்ற மென்கரி மட்டும் இருந்தால் சரி, பளபளவென்று தார் ஒட்டியிருந்தால் விறகு ஈரம் அல்லது காற்று போதவில்லை.